வரிசையின் கடைசி ஆள்

மூன்றாவது வேலிக்கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டிவிட்டு மாரெட் பத்தடி நடந்திருப்பாள். பின்னால் அதே கொண்டி மறுபடி விழும் சத்தம் கேட்டது. இரும்பில் இரும்பு படும் சின்னச் சத்தம். காற்றாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் காற்றே இல்லை.

கதவைச் சாத்தாமல் போனால் மேய்கிற ஆடெல்லாம் ரோட்டுக்கு வந்துவிடும். அதனால் ஊர்க்காரர்கள் அக்டோபரில் ஒரு ஞாயிறு சேர்ந்து பறவையும் பழமும் பார்க்கப் போகும்போது, வரிசையின் கடைசியில் ஒருவரை நடக்க விடுவார்கள். கதவுகளைச் சாத்துவதும், பின்தங்கியவரை விட்டுவிடாமல் கூட்டிவருவதும் அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக அந்த இடம் அவள் கணவர் எல்வினுடையது. போன குளிர்காலத்திலிருந்து அவருக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியிருந்தது. இரண்டு முறை வீட்டைவிட்டுக் கிளம்பிப் போனவரை எங்கெங்கோ தேடிக் கூட்டிவந்தாயிற்று. மூன்றாம் முறை கிடைக்கமாட்டார் என்ற பயத்தோடுதான் அவள் தினமும் கண் விழித்தாள். இந்த வருஷம் அவரை வீட்டில் விட நினைத்தாள். அவரோ காலை ஆறு மணிக்கே பூட்ஸ் மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே உட்கார்ந்திருந்தார். ஆகவே கடைசி ஆள் வேலையை அவள் எடுத்துக்கொண்டாள், அவர் கையைத் தன் கைக்குள் இறுக்கிக் கோத்தபடி.

அவள் கழுத்தில் விசில் தொங்கியது. வரிசைக்கு முன்னால் போகும் ஹவெல் ஒவ்வொரு வயலைக் கடக்கும்போதும் ஒருமுறை ஊதுவான். கடைசி ஆள் பதிலுக்கு ஒருமுறை ஊதினால் எல்லாரும் இருக்கிறார்கள் என்று அர்த்தம், மூன்று முறை ஊதினால் ஆபத்து. கிளம்புமுன்பே எல்வின் அதை எடுத்து விளையாட்டாக மூன்று முறை ஊதிவிட்டார். "பெரியவரே, இனிமே நீங்க ஊதினா நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்," என்றான் ஹவெல். எல்லாரும் சிரித்தார்கள், எல்வினும்தான்.

மதியம் வரை குறையொன்றும் இல்லை. உயிர்வேலி இரண்டு ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அதில் முள்மரத்தின் சிவப்புப் பழங்களும் காட்டு ரோஜாக் காய்களும் நீலச் சாம்பல் பூத்த ஸ்லோ பழங்களும் கிளை தாழத் தொங்கின. புதிதாக வந்தவர்களை ஹவெல் ஒரு ஸ்லோவைக் கடிக்கச் சொல்லி, துவர்ப்பில் அவர்கள் முகம் கோணுவதைப் பார்த்து ரசித்தான். கடல் தாண்டி வந்த பூங்குருவிகள் கூட்டமாகத் தலைக்குமேல் போயின. ஒன்றுகூடப் பழம் தின்ன வேலியில் இறங்கவில்லை. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று மணிக்கு ஆற்றிலிருந்து ஈரமண்ணும் அழுகிய இலையும் மணக்கும் மூடுபனி எழுந்து வந்து, முன்னால் போனவர்களின் முதுகுகளை ஒவ்வொன்றாக விழுங்கியது.

கொண்டிச் சத்தம் கேட்டதும் எல்வின் நின்றுவிட்டார்.

"யாரோ வர்றாங்க. நில்லு மாரெட்."

"யாருமில்ல. நாமதான் கடைசி."

"அப்ப நாமதானே நிக்கணும்?"

சொந்த மகளின் பெயர் மறந்துபோனவருக்கு இது மட்டும் மறக்கவில்லை. அவருக்காகத்தான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

பாதையில் ஆளில்லை. கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம், சற்றுமுன் கை உரச நடந்துவந்த வேலியில் ஒரு பழம்கூட இல்லை. கீழே சிந்தவுமில்லை. அடியிலிருந்து உச்சிக்கொம்பு வரை, ஏணி இல்லாமல் எட்டாத உயரம் வரை, காம்புகள் மட்டும் ஈரமாக நின்றன.

தூரத்தில் ஹவெலின் விசில் ஒருமுறை ஒலித்தது.

அவள் தன் விசிலை எடுத்தாள். உதட்டில் வைக்குமுன், பின்னாலிருந்து பதில் போனது. ஒரே ஊதல். நிதானமாக. எல்லாரும் இருக்கிறார்கள்.

அவள் ஊதினாள். மூன்று முறை. மறுபடி மூன்று முறை. மூச்சு முட்டும்வரை. மூடுபனிக்குள் யாரோ சிரிப்பது மெல்லக் கேட்டது. "பெரியவர் ஆரம்பிச்சுட்டாருப்பா," என்றான் ஹவெல். காலடிகள் தேய்ந்து மறைந்தன.

எல்வினை இழுத்தாள். அவர் அசையவில்லை. டீ ஆறிப்போகும் என்றாள், மகள் வந்து காத்திருக்கிறாள் என்று பொய் சொன்னாள், பிறகு அழுதாள். "எல்வின், வீட்டுக்குப் போயிடலாம். உன் கால்ல விழறேன்."

"தனியா வர்ற ஒருத்தர விட்டுட்டா?" அவர் குரலில் கோபமில்லை, ஆச்சரியம்தான். "உனக்கு என்ன ஆச்சு, கண்ணு?"

கையை உருவிக்கொண்டார். அவள் கோட்டைப் பிடித்தாள். கோட்டு மட்டும் அவள் கையோடு வந்தது. மரியாதையாகத் தொப்பியைக் கழற்றியபடி அவர் நடந்து போய்க் கொண்டியைத் தூக்கினார். கதவை அகலத் திறந்து பிடித்தார். "வாங்க, வாங்க. அவசரமில்ல."

கதவுக்கு இந்தப் பக்க வேலியிலும் சிவப்பு அணைந்தது. ஒவ்வொரு பழமாக. இலை அசையாமல்.

அவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். இன்னும் நிமிர்த்தினார். வேலியின் உச்சிக்கும் மேலே. முகத்தில் மெதுவாக ஒரு சந்தேகம் படர்ந்தது. பிறகு, ரோட்டைக் கடக்கக் கை கேட்கும் குழந்தையைப்போல, வலது கையை மேலே நீட்டினார்.

மாரெட் ஓடினாள். பெயர் சொல்லிக் கத்தினாள். ஒருமுறை திரும்பிப் பார்த்தார். யாரென்று தெரியாத பார்வை.

பழமில்லாத வேலி ஓரமாக வந்த வழியே அவர் போய்க்கொண்டிருந்தார். எழுபத்தொரு வயது மனிதர். வலது கை தலைக்குமேல் செங்குத்தாக நீண்டிருந்தது. விரல்கள் எதையோ பற்றி மடங்கியிருந்தன. அவள் எவ்வளவு ஓடியும் இடைவெளி குறையவில்லை. அவர் நடப்பதுபோலக் கால்களை அசைத்துக்கொண்டுதான் இருந்தார். பூட்ஸின் நுனி மட்டும், எப்போதாவது ஒருமுறை, தரையில் உரசியது.