பேடைக்கு விட்ட இடம்

குப்புறக் கிடந்த ஓவியத்தில், ஆண் வாத்தின் மார்பு இருந்த இடம் மட்டும் படிய மறுத்தது. ஈரத்தாளுக்கு அடியில் காற்று அடைபட்டிருக்கும் என்று நினைத்த சாரதாதேவி, நார்த்தூரிகையால் நீவிவிட்டாள். புடைப்பு ஓரமாய் நழுவி, தூரிகையை எடுத்ததும் மெல்லத் திரும்பி வந்தது.

எண்பத்தாறில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளுக்கு, பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷாப்பல் பகுதியில் ஒரு முற்றத்துப் பட்டறையில், சீன ஓவியங்களுக்குப் பின்தாள் ஒட்டும் வேலை. இந்தப் படத்தைக் கொண்டுவந்தவள் மரி-லூயிஸ், புதுச்சேரிக்காரி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனுக்குப் போய் அங்கே சீனரிடம் ஓவியம் பழகிய அவள் புருஷன், சாகுமுன் வரைந்தது. முதலாளி லாம் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். மையால் ஓரக்கோடு போடாமல் வெறும் வண்ணத்திலேயே உடலை எழுப்பும் இந்த முறைக்கு 'எலும்பில்லா ஓவியம்' என்று பெயராம், அதில் குற்றமில்லை. ஆனால் இந்த வாத்து பிரியாத தம்பதிக்கு அடையாளம், ஜோடியாகத்தான் வரையவேண்டும், இந்த மனிதர் தாமரைக்குக் கீழே பேடைக்கென்று வெறும் இடம் விட்டிருக்கிறார் என்றார். பிறகு தாள் வாங்கப் போய்விட்டார்.

அவள் மறுபடி நீவினாள். கோதுமைப் பசையின் புளிப்பு வாடைக்கு அடியிலிருந்து, கொதிநீரில் முக்கியெடுத்த கோழி இறகின் நாற்றம் கிளம்பித் தொண்டையில் ஒட்டியது. தாள் வெதுவெதுப்பாக இருந்தது. தூரிகை நுனியில் மஞ்சள் கொழுப்பு. ஏப்ரனில் துடைத்தாள். போகவில்லை. 

நாலு மணிக்கு மரி-லூயிஸ் வந்தாள். கறுப்புக் கோட்டைக் கழற்றாமலே மேசைக்கு வந்து, உள்ளங்கையை அந்த வெற்றிடத்தின்மேல் வைத்தாள்.

"கையை எடுங்கோ மடாம். ஈரம் காயேல்லை."

"எனக்குத்தாம்மா எடம் விட்டு வச்சிருக்காரு."

விரல்கள் தட்டையாகின. ஊறிய அப்பளம்போலப் பரவின. சாரதாதேவி அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். கோட்டுக் கைக்குள் சதை வழுக்கி, பாலாடைபோல, மேசைப் பக்கமே போனது. உறிஞ்சும் சத்தம். மரி-லூயிஸ் சிரித்துக்கொண்டிருந்தாள், வாய் கழுத்துக்கு இறங்கும்வரை.

தாளில் பழுப்பு ஊறியது. முதுகு. கழுத்து. அலகு. இரண்டு வாத்துகளின் மார்புகளும் ஒன்றாய் ஏறி இறங்கின.

கோட்டு தரையில் சரிந்தது. சாரதாதேவி கதவுக்கு ஓடினாள். கைப்பிடியில் பசைக்கை வழுக்கியது. திரும்பிப் பார்த்தாள்.

கோட்டு எழுந்து நிற்கப் பார்த்தது. உள்ளே ஈரமான வெள்ளை முழங்கால் எலும்புகள். நிமிர்ந்தன. சறுக்கின. மறுபடி நிமிர்ந்தன. கைகள் மேசை விளிம்பைப் பற்றி ஏறின. தாளின்மேல், தங்கள் சதையைத் தடவித் தடவித் தேடின.