பூட்டு நடராசா

ஆனி மாதத்து ஒரு காலையில் அந்த விடுதி வாசலில் என்னை இறக்கிவிட்டு ஆம்புலன்ஸ் வண்டி திரும்பிப் போய்விட்டது. சோளகக் காற்று புழுதியை வாரிப் புதுச் சீருடை முழுவதும் பூசியது. இராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மைல் தள்ளி, கை கால் முறிந்த சிப்பாய்கள் தேறும்வரை படுத்திருக்கும் நாலு கட்டில் விடுதி அது. ஓட்டு வீடு, பக்கத்தில் கிணறு, பின்னால் பற்றைக்காடு. பொறுப்பாக இருந்த கோப்ரல் ரணவீர என் பையை வாங்கிக்கொண்டு சிங்களத்தில் சொன்னார்.

"பழைய வீடு, மிஸ். வாசல் நிலை உயரம் குறைவு. தலை கவனம்."

எனக்குத் தெரியும். பதினொரு வயதுவரை அந்த நிலையில் தலை இடிபடாமல் ஓடித் திரிந்தவள் நான். அது எங்கள் வீடு.

சுன்னாகத்துச் சங்கக்கடையில் பதினெட்டு வருடம் சீனியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்தவள், நாற்பது வயதில் தாதியாகப் படிக்கப் போனேன். கூடப் படித்த பெட்டைகள் என்னை அன்ரி என்றார்கள். படிப்பு முடிந்த வருடம், தமிழ் தெரிந்த தாதியர் வேண்டுமென்று இராணுவம் வயதெல்லையைத் தளர்த்தி ஆள் எடுத்தது. பயிற்சியில் இருபது வயதுக்காரிகளுக்குப் பின்னால் மூச்சு வாங்க ஓடினேன். சல்யூட் அடிக்கப் பழகினேன். அச்சுவேலியில் பக்கத்து வீட்டுச் சிவக்கொழுந்தக்கா வேலிக்கு மேலால் கேட்டா: "என்ன சிவகௌரி, போயும் போயும் ஆமிக்கோ?"

"பென்சன் இருக்கக்கா" என்றேன்.

பென்சனுக்காக யாராவது அந்த வயதில் முழங்கால் தேய ஓடுவார்களா? எங்கள் காணி முகாம் வேலிக்குள் போய் முப்பத்துநாலு வருடம். ஊரெல்லாம் மனுக் கொடுத்துக் களைத்துவிட்டது. அந்த வீட்டுக்குள் ஒருதரம் போக எனக்கு வேறு வழி தெரியவில்லை. போகாமல் சாகவும் பயமாக இருந்தது.

தொண்ணூறாம் ஆண்டு, இதே ஆனி மாதம். செல் குண்டு விழத் தொடங்கியதும் ஊர் கிளம்பியது. எங்களிடம் ஒரு சைக்கிள்தான். அப்பாவின் அக்கா, மீனாம்பிகை மாமி, இடுப்பு முறிந்து கிழக்கு அறையில் கிடந்தா. வேப்பெண்ணெய் தேய்த்துத் தேய்த்து அறையே அந்த மணமாக இருக்கும். பக்கத்து வீட்டு நடராசா மாமாவிடம் பெட்டி கொழுவிய லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருந்தது. தன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்து மாமியையும் ஏற்றுவதாக அவர் சொல்லியிருந்தார். அப்பா கைக்குழந்தைத் தம்பியோடும் அம்மாவோடும் முன்னால் நடந்தார்.

"நீ மாமிக்குத் தண்ணி வைச்சிட்டுக் கதவைச் சாத்திப்போட்டு ஓடி வா" என்றார் என்னிடம்.

செம்பில் தண்ணீர் வைத்தேன். கதவைச் சாத்தினேன்.

பூட்டினேன்.

வெளியே போகும்போது வீட்டைப் பூட்டுவது எப்போதும் என் வேலை. அதில் எனக்குப் பெருமை. அன்றைக்கும் கை பழக்கத்தில் ஆமைப்பூட்டைக் கொழுவி, திறப்பைக் கவுண் பொக்கற்றில் போட்டுக்கொண்டு ஓடினேன். உள்ளே ஆள் இருப்பது என் புத்தியில் படவேயில்லை. பாதி வழியில்தான் பட்டது. திரும்ப ஓடப் பயந்தேன்.

பின்னேரம் நடராசா மாமா மாமி இல்லாமல் வந்து சேர்ந்தார். வீடு பூட்டியிருந்தது, நீங்களே கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள் என்று நினைத்தேன் என்றார். அப்பா அவருடைய சட்டையைப் பிடித்தார். "பூட்டாத வீடு எப்பிடியடா பூட்டியிருக்கும்? உன்ரை குடும்பத்தை மட்டும் ஏத்திக்கொண்டு ஓடியந்திட்டுப் பொய் சொல்லுறியோ?" நான் பக்கத்தில் பொக்கற்றைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதற்குள் ஆமி முன்னேறிப் பாதை அடைபட்டுவிட்டது. அன்று இரவே திறப்பை, நாங்கள் ஒதுங்கிய வீட்டுக் கிணற்றில் போட்டேன்.

அன்றிலிருந்து அவர் பூட்டு நடராசா. பள்ளிக்கூடத்தில் அவருடைய மகள் உதயகலா 'பூட்டரின்ரை பெட்டை'. அவளுக்கு அடுத்த வாங்கில்தான் நான் இருந்தேன். வாய் திறக்கவில்லை. அப்பா கடைசிவரை அவர் வீட்டு வாசல் மிதிக்காமல் செத்தார்.

விடுதியைச் சுற்றிக் காட்டும்போது வாசற்கதவைத் தொடாமல் விலகி நடந்தார் ரணவீர. கதவு விரியத் திறந்து சுவரோடு சாய்ந்திருந்தது. அடியில் இரண்டு செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது.

"இதை நாங்கள் மூடுவதில்லை, மிஸ். மழை அடித்தாலும் மூடுவதில்லை."

"ஏன்?"

"முந்தி ஆமி வந்தபோது வெளியே பூட்டியிருந்ததாம். உடைத்துப் பார்த்தால் கதவடியில் ஒரு கிழவியின் எலும்பு. பின்னால் எங்கோ புதைத்தார்களாம். இடம் யாருக்கும் தெரியாது." கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். "மூடினால் தட்டும்."

கதவின் உட்பக்கத்தைச் சுவர் இடுக்கால் குனிந்து பார்த்தேன். என் முழங்கால் உயரத்துக்குக் கீழே பலகை முழுவதும் சின்னச் சின்னப் பள்ளங்கள். செம்பு விளிம்பால் தட்டிய பள்ளங்கள். இடுப்பு முறிந்த மனுசி கிழக்கு அறையிலிருந்து அவ்வளவு தூரம் இழுபட்டு வந்திருக்கிறா. எத்தனை நாள் தட்டினா என்று எண்ணிப் பார்க்க முடியாமல் நிமிர்ந்தேன்.

அன்று மதியம் இரண்டு மணி. சாப்பாடு முடிந்து மூன்று பேர் உறங்கிவிட்டார்கள். வாசலோரக் கட்டிலில் லகிரு மட்டும் விழித்திருந்தான். மொனராகலைக்காரன், ஒரு சொல் தமிழ் தெரியாது, இரண்டு காலிலும் மாவுக்கட்டு. காற்று சட்டென்று நின்றது. வெக்கை ஓட்டிலிருந்து இறங்கியது.

வேப்பெண்ணெய் மணத்தது.

டொக். டொக்.

திறந்து கிடந்த கதவில்.

கீழே, முழங்காலுக்குக் கீழே.

லகிரு என்னைப் பார்த்தான். "திறந்துதானே இருக்கிறது, மிஸ்" என்றான் மெதுவாக. "அது அவவுக்குத் தெரியாது போல."

ஒரு குவளையில் தண்ணீர் நிரப்பிக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். "மாமி, நான்தான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லப் பார்த்தேன். வாயில் வரவில்லை. அடுத்த நாள் குவளை கவிழ்ந்து கிடந்தது. அதற்கடுத்த நாளும். தட்டுவது மட்டும் ஓயவில்லை.

ஆறாம் நாள் லகிரு கேட்டான். "மிஸ், தமிழில் 'நடராசு' என்றால் என்ன? தண்ணீரா?"

"ஏன்?"

"தட்டும்போது அதைத்தான் சொல்கிறா."

என் பெயரைத்தான் சொல்லுவா என்று அவ்வளவு நாளும் பயந்திருந்தேன். நடராசா மாமாவின் பெயரைக் காப்பாற்றச் சொல்லுகிறா என்று விளங்கிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்து, சேலை கட்டிக்கொண்டு கோப்பாய்க்கு பஸ் ஏறினேன். சந்திக் கடையில் நடராசா வீடு எது என்று கேட்டேன்.

"ஆர், பூட்டு நடராசாவோ?" என்றான் கடைக்காரன். அவனுக்கு முப்பது வயதுகூட இராது.

மாமா சாய்மனைக் கதிரையில் கிடந்தார். கூனிச் சுருங்கிவிட்டிருந்தார். உதயகலா தேத்தண்ணி போட உள்ளே போனாள். அந்த இடைவெளியில் சொன்னேன்.

"மாமா, அண்டைக்குக் கதவைப் பூட்டினது நான்."

"தெரியும் பிள்ளை."

"தெரியுமோ?"

"பொக்கற்றைப் பொத்திக்கொண்டு நிண்டனீ. எனக்குக் கண் இல்லையோ?"

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அவர் உள்ளே பார்த்துக்கொண்டு முணுமுணுத்தார்.

"நான் வாசல்லை நிண்டு கூப்பிட்டனான். அவ உள்ளுக்கிருந்து குரல் தந்தவ. 'நடராசு, திறவடா' எண்டு. லான்ட்மாஸ்டரிலை அலவாங்கு கிடந்தது. ஒரு போடு போட்டால் பூட்டுப் போயிருக்கும். செல் பக்கத்து வளவுக்கை விழுது. என்ரை பிள்ளையள் மூண்டும் பெட்டியிலை இருந்து குழறுதுகள்." கதிரைக் கையைத் தடவினார். "பூட்டியிருந்தது எண்டு சொல்ல ஒரு பூட்டு இருந்தது. அது போதும் எண்டு வந்திட்டன். உன்னைக் காட்டிக் குடுத்தால், ஆள் உள்ளுக்கை இருந்தது தெரியாதோ எண்டு தோண்டித் துருவுவினம். அதாலை பேசாமல் பட்டத்தை வாங்கிக்கொண்டன்."

உதயகலாவின் கொலுசுச் சத்தம் கேட்டது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இது எங்களோடை போகட்டும் பிள்ளை. நீயும் சொல்லாதை, நானும் சொல்லேல்லை."

"ஓம் மாமா" என்றேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், எனக்கு ஆறுதலாக இருந்தது. பழியில் பாதியை இன்னொருவர் தூக்கிக்கொண்டால் அப்படித்தான் இருக்கும் போல. தேத்தண்ணியை நீட்டிய உதயகலாவின் முகத்தைப் பார்க்காமல் குடித்தேன். அவளுக்காவது சொல்லியிருக்கலாம். வரும்போது பஸ்ஸில் நன்றாக நித்திரை கொண்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை நடராசா மாமா செத்துப்போனார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, அதே கதிரையில். லீவு போட்டுச் செத்த வீட்டுக்குப் போனேன். பந்தலுக்குள் இரண்டு கிழவர்கள் பூட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். உதயகலா பிரேதத்தின் தலைமாட்டில் இருந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எழும்பி ஒரு வசனம் சொன்னால் போதும். நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

திங்கட்கிழமை கடமைக்குத் திரும்பினேன். இரண்டு மணி ஆனது. காற்று நின்றது. கதவை உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. இரண்டே கால். இரண்டரை. தட்டவில்லை.

முடிந்தது என்று நினைத்து எழும்பினேன்.

"மிஸ்" என்றான் லகிரு. போர்வையை நாடிவரை இழுத்துப் பிடித்திருந்தான். "இந்தமுறை நீங்கள் லீவில் போனதிலிருந்து ரெண்டு பேர்."

"என்ன?"

"ஒரு ஆள் கதவுக்கு உள்ளே, கீழே இருந்து தட்டுகிறா. மற்ற ஆள் வெளியே நின்று தட்டுகிறார். ஆம்பிளை." அவன் உதட்டை நனைத்துக்கொண்டான். "பழைய சொல் இப்போது இல்லை. ரெண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள். 'வவா' என்று. அப்படியென்றால் என்ன, மிஸ்?"

சிறு வயதில் வீட்டில் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவும் போனபிறகு அந்தப் பெயர் தெரிந்த கடைசி மனுசனைத்தான் சனிக்கிழமை எரித்துவிட்டு வந்திருந்தோம்.

"தெரியாது" என்றேன்.

சொன்ன கையோடு தட்டத் தொடங்கியது. உள்ளேயும் வெளியேயும், பலகை அதிர.

உறங்கிக்கொண்டிருந்த மூவரும் எழுந்து உட்கார்ந்தார்கள். ஒருவரும் கதவின் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.