மல்சுனின் இடது பக்கம்

திரைக்குள் நீந்திக்கொண்டிருந்த மீன் வெளியே வந்துவிட்டது. கையடக்கமான வீடியோ பிளேயரை முழங்காலில் சாய்த்து வைத்துக்கொண்டு மல்சுன் வெதுவெதுப்பான தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சு நிற மீன் ஒன்று தொட்டியின் பின்பக்கத்திலிருந்து சோம்பலாக வந்து, பாசியைச் சுற்றி, திரையின் விளிம்பைத் தாண்டி, அவள் மூக்குக்கு முன்னால் வாயைத் திறந்து மூடியது. அவள் தலையை வெடுக்கென்று இழுத்ததில் மண்டை சுவரில் இடித்தது. இடித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே, மீன் தன் கண்ணுக்கு எப்படி இப்படி வெளியே வந்து தெரிகிறது என்று யோசித்தாள்.

அவளுக்கு இருப்பது ஒரு கண். இடது கண் இளவயதிலேயே சீழ் பிடித்து, எடுக்க வேண்டியதாகிவிட்டது. அங்கே இருப்பது செயற்கைக் கண். பார்வைக்கு நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

பிளேயர் தம்பி டேஷிக் அனுப்பிய புத்தாண்டுப் பரிசு. 'கண்ணாடி போடாமலே த்ரீடி' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. வந்த அன்று பார்த்தபோது அது வெறும் தட்டைப் படமாகத்தான் இருந்தது. இருக்கிற ஒரே அக்காவுக்கு ஒரு கண்தான் என்பதை மறந்துவிட்டு வாங்கியிருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இப்போது அவனுக்கே போன் செய்தாள். மறுமுனையில் எண்ணெய் பொரியும் சத்தம், குழந்தைகள், யாரோ பாத்திரத்தைப் போடும் சத்தம். நாளைய புத்தாண்டு முன்னோர் படையலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"டேய், இந்த த்ரீடி எப்படிடா தெரியுது?"

"அட, பாத்தாச்சா? சூப்பர்ல? ஒண்ணுமில்லக்கா, திரை இடது கண்ணுக்கு ஒரு படம் அனுப்பும், வலது கண்ணுக்கு வேற படம் அனுப்பும். மண்டை ரெண்டையும் சேத்துக்கும்."

"ஒரு கண்ணை மூடிட்டா?"

"மூடிட்டா புஸ்ஸுதான். வெறும் படம். அதுக்கு ரெண்டு கண்ணும்…" அவன் நிறுத்தினான். "ஐயோ. அக்கா, நான் சுத்தமா…"

"விடுடா. உனக்கு மண்டை இருந்தாத்தானே சேத்துக்கும்."

"மாத்தித் தரச் சொல்றேன்க்கா. நாளைக்கு வரியா? இல்ல, வீட்ல கூட்டம்… நீயும் கடையில நின்னு களைச்சிருப்ப."

"ஆமாம்டா, களைப்பாத்தான் இருக்கு."

போனை வைத்த பிறகுதான் கட்டடத்தின் அமைதி காதில் ஏறியது. புச்சான் நகரத்தில் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். மேல்வீட்டுக் குழந்தை ஓடவில்லை, பக்கத்து வீட்டு டிவி இல்லை, சுவருக்குள் தரையைச் சூடாக்கும் பாய்லர் தண்ணீர் மட்டும் எங்கோ போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அவள் வேலை பார்க்கும் கிம்ச்சி ஊறுகாய்க் கடையும் மூன்று நாள் கிடையாது. அந்த மூன்று நாளை நினைத்தால்தான் அவளுக்குப் பயம்.

வலது கண்ணைக் கையால் பொத்திப் பார்த்தாள்.

மீன் தெரிந்தது. ஆழமில்லாமல், கொஞ்சம் மங்கலாக, சற்றே இடப்பக்கத்திலிருந்து பார்ப்பதுபோல.

அவள் எழுந்து குளியலறைக்குப் போனாள். செயற்கைக் கண்ணைக் கழற்றிக் கழுவி, கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மறுபடி பொத்தினாள். மீன் அப்படியே இருந்தது. அப்படியானால் பார்ப்பது அந்தக் கண் இல்லை. குழியிலும் எதுவும் இல்லை, இமை உள்ளே ஒட்டிக் கிடந்தது. அவளுடைய கண் எங்கே இருந்திருக்க வேண்டுமோ, அங்கே வேறொருவருடைய கண் இருக்கிறது. அப்படி இருக்க வேண்டுமென்றால், அந்த முகம் அவள் முகத்தோடு கன்னம் ஒட்டி இருக்க வேண்டும்.

அப்போதுதான் இடது கன்னத்தின் குளிர்ச்சியைக் கவனித்தாள். நெடுநாள் திறக்காத அலமாரியின் ஈர வாசனை. தலையை மெல்ல வலப்பக்கம் சாய்த்தாள். படம் குலையவில்லை. அந்த முகமும் கூடவே சாய்ந்திருந்தது.

கத்தியிருக்க வேண்டும். அவள் கத்தவில்லை. இடது பக்கம் என்பது பல வருடங்களாக அவளுக்கு ஒன்றுமில்லாத பக்கம். பஸ்ஸில் யாராவது உட்கார்ந்தாலும் இடித்தால்தான் தெரியும். அந்தப் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து, அவள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பயத்துக்குக் கீழே கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. மீன் படம் முடிந்ததும் பனி பெய்யும் தோட்டத்தைப் போட்டாள். இருவரும் பார்த்தார்கள்.

யாராக இருக்கும்? அம்மாவா? அம்மா, அப்பா, தாத்தா எல்லாரும் நாளைக்குத் தம்பி வீட்டுக்குத்தான் போவார்கள். படையல் போடும் மகன் வீடு அதுதான். செத்தவர்கள்கூட அவள் வீட்டுக்கு வர ஒரு காரணமும் இல்லை.

காலையில் எழுந்ததும் சூப் வைத்தாள். வெள்ளை அரிசிக்கட்டித் துண்டுகள் மிதக்கும் புத்தாண்டுச் சூப், முட்டை தூவி, இரண்டு கிண்ணம். குட்டைமேசையில் தனக்கு எதிரே வைக்கப்போய், யோசித்து, தன் இடது பக்கத்தில் வைத்தாள். கரண்டியும் வைத்தாள். படையல் வீட்டில் செய்வதுபோல, செத்தவர்கள் உள்ளே வர வாசல் கதவை ஒரு கை அகலம் திறந்துவைத்தாள். மாடிப்படியின் குளிர் உள்ளே வந்தது.

ஒன்றை மட்டும் அவள் செய்யவில்லை. தாளில் பெயர் எழுதி ஒட்டவில்லை. பெயர் எழுதினால் அந்தப் பெயருக்குரியவர் மட்டும் வருவார். முடிந்ததும் தாளை எரித்தால் போய்விடுவார். என்ன பெயர் எழுதுவது? தெரியவில்லை.

"வாங்க," என்றாள். தன் குரல் தனக்கே வெட்கமாக இருந்தது. "ஆறிடப் போகுது, சாப்பிடுங்க. எங்கயும் போக வேண்டாம்… இங்கயே இருங்க."

கிண்ணத்திலிருந்து ஆவி நேராக எழும்பியது. பிறகு வாசல் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. எலக்ட்ரானிக் பூட்டு வழக்கமான மூன்று சின்ன இசைக்குறிப்புகளைப் பாடி, தாழ்ப்பாளை உள்ளே தள்ளியது.

காற்றாக இருக்கும்.

ஆவி இப்போது நேராக எழும்பவில்லை. அவள் பக்கமாக வளைந்து வந்தது, கிண்ணத்துக்கு அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடுவதுபோல.

அவள் சட்டென்று பிளேயரை எடுத்தாள். மீன் படத்தைப் போட்டாள். நேற்றுபோலச் சேர்ந்து பார்த்தால் சரியாகிவிடும் என்று தோன்றியது. ஜன்னலில் பகல் வெளிச்சம் இருந்தது. வெளியே பனி. ஒரு காரும் போகவில்லை.

மீன் வந்தது. பாசி வந்தது. ஆழம் வரவில்லை.

படம் கலங்கியது. மீனின் மேல் வேறு ஏதோ படிந்திருந்தது. சாம்பல் நிறம். நூல் நூலாக. பிளேயரைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். பக்கத்தில் கொண்டுவந்தாள். மீனும் இருந்தது, நூலும் இருந்தது. கன்னத்தில் நேற்றைய குளிர்ச்சி இல்லை. விலகியிருக்கிறது. போய்விட்டதோ என்று மனசு பதறியது.

"இருக்கீங்களா?"

ஈர வாசனை மட்டும் முன்பைவிட அதிகம்.

அந்தக் கண் என்ன பார்க்கிறது என்று தெரிந்தால் போதும். வலது கண்ணை மூடினாள்.

இருட்டு இல்லை.

திரையும் இல்லை.

நூலாகத் தெரிந்தது முடி. நரைத்த முடி, ஒரு காதுக்குப் பின்னால் ஒதுக்கியது. காது மடல். தளர்ந்த கன்னம், அதில் ஒரு மரு. யாருடைய முகம் என்று புரிய நேரம் பிடித்தது. அந்த மருவைத் தொட்டுப் பார்க்கக் கையைத் தூக்கினாள். எதிரே தெரிந்த முகத்தருகே ஒரு கை எழும்பியது.

இவ்வளவு பக்கத்தில் அவளை யாரும் பார்த்ததில்லை.

வலது கண்ணைத் திறக்க வேண்டும். திற. இமை கேட்கவில்லை.

மரு பெரிதானது. பார்வையை விட்டு நழுவியது. காது போனது. முடி போனது. இமை தெரிந்தது, உள்ளே ஒட்டிய இமை, ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக. குளிர்ந்த விரல் ஒன்று மெதுவாக அதைத் தூக்கிப் பிடித்தது.

அதற்குப் பின்னால் சிவந்த, ஈரமான, காலியான குழி. அது நெருங்கி நெருங்கி வந்தது.