சுருளருகில் ஓர் ஆள்

வீட்டின் பின்பக்கத்தில் யாருமில்லை. ஆனாலும் மீட்டரின் முள் இறங்கியது.

ஓய்வுபெற்ற அந்த டெலிபோன் மெக்கானிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். மிகத் தாழ்ந்த அலைவரிசையில் சிக்னல் அனுப்ப ஆசைப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்கு இது பழகிய தலைவலிதான். மாடியிலிருந்து கம்பம் வரை எவ்வளவு நீளமாக ஆன்டெனா கம்பி கட்டினாலும் அந்த அலைக்கு அது எள்ளளவு. அதை ஈடுகட்டத்தான் ஜன்னலுக்கு வெளியே, உயரமான முக்காலியின் மேல், தண்ணீர் டிரம் பருமனில் அந்தச் செம்புச் சுருள். அதற்கு ரோஷம் அதிகம். ஆள் பக்கத்தில் போனாலே உள்ளே முள் சரிந்துவிடும், விலகினால் ஏறிவிடும்.

இன்று சாயங்காலம் கம்பியை இறக்க வருவதாக மகள் சொல்லியிருந்தாள். அதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்றுதான் செட்டைப் போட்டார். மழை விட்ட ஈரமாக இருக்கும் என்று கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ்களைத் துடைத்தார், கம்பியில் உரசிய கிளையை வெட்டினார், முக்காலியடியில் எர்த் கம்பியைப் பிடிக்கும் கிளிப்பைக் கழற்றிச் சுரண்டி மாட்டினார், கடைசியில் பூனையின் மேல் பழியைப் போட்டுச் சுவரோரமெல்லாம் தேடினார். ஈர மண்ணும் சூடேறிய செம்பும் கலந்த வாசனையும் செட்டின் முனகலும் தவிர அங்கே ஒன்றுமில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தார். முள் இறங்கியது. ஓர் ஆள் அளவுக்கு.

அந்த அளவு அவருக்கு மனப்பாடம். இருபத்தாறு வருடம் அங்கே போய் நின்றவள் அவர் மனைவிதான். அவர் குறைந்த பவரில் சோதிப்பார். அவள் சுருளின் இணைப்பை மாற்றி வைத்துவிட்டு விலகுவாள். முள் ஏறியதும் அவர் முழு பவரைக் கொடுப்பார். முள்ளே சொல்லும்போது ஜன்னலில் எட்டிப் பார்ப்பானேன் என்பது அவருடைய கெட்டிக்காரத்தனம். நான்கு மாதத்துக்கு முன் ஒரு நாள் முள் ஏறியது, பவரைக் கொடுத்தார். அவள் விலகியிருக்கவில்லை. கழன்ற கிளிப்பை மாட்ட முக்காலியடியில் குனிந்திருந்தாள், அதற்கே முள் ஏறிவிட்டது. பிறகு சுருளைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்திருக்கிறாள்.

ஈரத்தால் வந்த விபத்து என்று எல்லோரிடமும் சொன்னார். மகளிடமும் அதையேதான் சொன்னார். உங்கள் மேல் என்னப்பா தப்பு என்று அவள் கட்டிக்கொண்டு அழுதபோதுகூட வாய் திறக்கவில்லை. அவருக்கு மிச்சமிருந்தவள் அவள் ஒருத்திதான்.

முள் இறங்கியபடியே நின்றது. செட்டை அணைக்கப் போன கையை இழுத்துக்கொண்டார். அணைத்துவிட்டால் மனைவி அங்கே நிற்பது எப்படித் தெரியும்? அடக்கமாட்டாமல் அழுதார். தெரியாமல் செய்துவிட்டேன் என்று மீட்டரிடமே சொன்னார்.

பின்வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

முள் இன்னும் இறங்கியது.

இரண்டு ஆள்.

ஜன்னலுக்கு ஓடினார். சுருளருகில் மகள். தனியாக. யாரோ தாழ்ந்த குரலில் பேசுவதைக் கேட்பவள் போல் மெல்லத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அங்க நிக்காதம்மா. தள்ளிப் போ."

பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார். முனகல் நிற்கவில்லை.

மகள் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைய நீர். கோபமில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அம்மா கேக்குறாங்கப்பா," என்றாள். "அன்னைக்கு ஏன் எட்டிப் பாக்கலன்னு."

பிறகு கிளிப்பின் பக்கம் குனிந்தாள்.

முள் ஏறியது. ஜன்னல் வழியே யாரும் தெரியவில்லை. பிளக் அவர் கையில். பவர் குமிழ் தானாகத் திரும்பியது. கடைசி வரை.

சுருளைப் பிடித்து நிமிர, மகளின் கை மேலே வந்தது. அதன் மணிக்கட்டைப் பற்றியபடி, கருகிய இன்னொரு கை.