பின் டயரின் இடது ஓரம்

ஜூலை மாதத்து மழை நாளொன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு, அந்த மோட்டார் சைக்கிள் ஒரு டிரெய்லரில் கட்டப்பட்டு மெல்பனின் கிரான்பர்னில் இருக்கும் வரதராஜாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஹேண்டில் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. இடது பக்கம் முழுவதும் தார் உரசிய கீறல்கள். அதை ஓட்டிய பிரதீப்குமார் இறந்து அன்றோடு முப்பத்தெட்டு நாள்.

பின்னால் காரில் வந்த அவன் மனைவி ஷாமினி இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"நீங்களே வச்சிருங்கோ அண்ணை. உங்கட கையைத் தவிர வேற ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது எண்டு அவர் எப்பவும் சொல்லுவார். கண்ட ஆக்களுக்கு விக்க எனக்கு மனம் வரேல்லை."

வரதராஜா தலையாட்டினார். வேண்டாமென்று சொல்ல ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லத் தொடங்கினால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும்.

பிரதீப் மெல்பனுக்குப் படிக்க வந்த வருடம் வாங்கிய வண்டி அது. வேலை கிடைத்து, கல்யாணம் முடித்து, வீடு வாங்கிய பிறகும் அதை விடவில்லை. ஒரு லட்சத்து நாற்பத்து மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. இரண்டு கிழமைக்கொரு ஞாயிறு வரதராஜாவின் கராஜுக்குக் கொண்டுவருவான். இருவருமாகக் குனிந்திருந்து ஒயில் மாற்றுவார்கள், வால்வு இடைவெளி பார்ப்பார்கள், செயினை இழுத்துக் கட்டுவார்கள். "வண்டிக்கு வயசு போகலாம் அண்ணை, பார்க்கிறவன்ர கண் போகக்கூடாது" என்பான்.

கடைசி ஞாயிறும் அப்படித்தான். வரதராஜா செயினுக்கு எண்ணெய் அடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி ராகவி தேநீரோடு வந்து நின்றாள்.

"அண்ணை, நீங்கள் செயினுக்கு அடிக்கிறீங்களோ, நிலத்துக்கு அடிக்கிறீங்களோ? போன முறையும் பாதி டயரிலதான்" என்றான் பிரதீப்.

ராகவி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். முப்பது வருடம் இயந்திரங்களோடு கிடந்தவர் வரதராஜா. அவருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

பிரதீப் ஹெல்மெட்டை மாட்டும்போதுதான் அதைக் கண்டார். பின் டயரின் இடது ஓரத்தில், நாலு விரல் அகலத்துக்கு, எண்ணெய் பளபளத்தது.

துணி அவர் தோளில்தான் கிடந்தது. ஒருதரம் குனிந்தால் போதும். ஆனால் குனிந்தால் அவன் திரும்பவும் சிரிப்பான். ஒரு கிலோமீட்டர் ஓடினால் தானாகப் போய்விடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய் என்று அவருக்குத் தெரியும். நேர் ரோட்டில் டயரின் ஓரம் தரையில் படாது. வளைவில் வண்டி நன்றாகச் சாயும்போதுதான் படும்.

"எல்லாம் சரியோ அண்ணை?"

"ஓம், எல்லாம் சரி. போட்டு வா."

மலையடிவாரத்தில் த பேசின் என்ற ஊரில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு, பிரதீப் மலைப்பாதையில் ஏறியிருக்கிறான். இறங்கும்போது இடது பக்க வளைவொன்றில் விழுந்தான். அவன் விழுந்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. பொலிஸ்காரர் வந்தபோது ரோட்டு முழுக்க ஈரம். டயரும் மழையில் கழுவப்பட்டிருந்தது. ஈர வளைவில் வேகம் கூடிப்போனதென்று எழுதினார்கள். ஒருவரும் வேறெதையும் கேட்கவில்லை.

வரதராஜா அந்த வண்டியை நாலு மாதம் இருந்து திருத்தினார். புது ஹேண்டில், புது ஃபோர்க் சீல், புது பிரேக். வேலைக்கு அதிலேயே போய்வரத் தொடங்கினார். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருதரம் ஒயில் மாற்ற வேண்டியதை மூவாயிரத்திலேயே மாற்றினார். மனிதனுக்குச் செய்யாததை இரும்புக்குச் செய்துகொண்டிருந்தார்.

முதல்முறை செயினைத் துப்புரவாக்கிய மறுநாள் காலையில், பின் டயரின் இடது ஓரத்தில் எண்ணெய் இருந்தது.

நாலு விரல் அகலம்.

தன் கைப்பிழை என்று நினைத்துத் துடைத்தார். அடுத்த கிழமையும் இருந்தது. எண்ணெயை விட்டு மெழுகுக்கு மாறினார். செயினையே மாற்றினார். டயரையும் மாற்றினார். கடைசியில் பத்து நாள் செயினுக்கு ஒன்றும் பூசாமல் காய விட்டார். செயின் வறண்டு கிறீச்சிட்டது. டயரின் ஓரத்தில் மட்டும் ஈரம் குறையவில்லை. தொட்டு முகர்ந்தால் அந்த ஞாயிறு அடித்த எண்ணெயின் மணம். இனிப்பும் மண்ணெண்ணெயும் கலந்த மணம். அந்தப் போத்தலை அவர் செத்தவீட்டன்றே குப்பையில் போட்டிருந்தார்.

ஒரு சனி பிற்பகல் வேலி மரங்களில் மழை இரைந்துகொண்டிருந்தது. வரதராஜா கதிரையில் சாய்ந்து கிடந்தார். கராஜுக்குள் இருந்து ஒரு சத்தம் வந்தது. துணியால் ரப்பரைத் தேய்க்கும் சத்தம். நிதானமாக, ஒரே இடத்தில், திரும்பத் திரும்ப.

எழுந்து போய்க் கதவில் காதை வைத்தார்.

சத்தம் நின்றது.

கதவைத் திறந்தார். ஷட்டர் பூட்டியபடி இருந்தது. வண்டி நடு ஸ்டாண்டில் நின்றது. பின் சக்கரம் மட்டும் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கவே அது வேகம் குறைந்து நின்றது.

எண்ணெய் பூசிய இடம் அவரைப் பார்த்தபடி நின்றது.

திரும்பி வந்தபோது ராகவி குசினி வாசலில் நின்றாள்.

"கராஜுக்குள்ள ஆர்?"

"ஒருத்தரும் இல்லை."

"எனக்குக் கேட்டது. ஆரோ 'எல்லாம் சரியோ' எண்டு கேட்டது. நீங்கள் ஏன் பதில் சொல்லேல்லை?"

அவர் கையைக் கழுவப் போனார். எவ்வளவு தேய்த்தும் அந்த மணம் போகவில்லை.

இப்படியே நாலு வருடம் போனது. போன ஆகஸ்டில் ஷாமினி தொலைபேசியில் கூப்பிட்டாள். ஊரிலிருந்து வந்த அவள் தம்பி நிதுஷனுக்கு டாண்டினோங்கில் வேலை கிடைத்திருந்தது. இருபத்தாறு வயது. அத்தானின் பைக்கை ஓட்ட ஆசைப்படுகிறான் என்றாள்.

"நல்ல கண்டிசனில இருக்கெல்லோ அண்ணை?"

"ஓம்" என்றார்.

"அப்ப சனிக்கிழமை கோயிலுக்குக் கொண்டு வாங்கோ. பூசை செய்துபோட்டுக் குடுப்பம்."

சனிக்கிழமை புறப்பட முன் மூன்று தரம் பார்த்தார். டயர் காய்ந்திருந்தது. த பேசினில் கோயில் வாசலில் நிறுத்தியதும் முழங்காலிட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. குளிர் வெயில். மலையில் பாதி பனிப்புகாருக்குள் மறைந்து கிடந்தது. ஐயர் வந்து சந்தனம் பூசி, பூ வைத்து, கற்பூரம் காட்டினார். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நிதுஷன் ஏறியிருந்து வண்டியை முன்னே தள்ளினான். பழங்கள் நசிந்தன. ஐயர் உள்ளே போனார்.

நிதுஷன் ஹெல்மெட்டின் வாரை இறுக்கினான்.

வரதராஜாவின் கண் கீழே போனது.

பின் டயரின் இடது ஓரம். நாலு விரல் அகலம். பளபளப்பு.

எலுமிச்சை மணத்தை மீறிக்கொண்டு அந்த மணம் வந்தது.

"எல்லாம் சரியோ அண்ணை?" என்று கேட்டான் நிதுஷன். சிரித்த முகம். ஒன்றும் தெரியாத முகம்.

வரதராஜாவின் வாய்க்குள் 'ஓம்' உருண்டது. நாலு வருடமாக அங்கேயே கிடந்த சொல்.

"இல்லை. இறங்கு தம்பி."

"என்ன அண்ணை?" என்று ஷாமினி கிட்ட வந்தாள்.

அவர் சொன்னார். டயரைக் காட்டிச் சொன்னார். தேநீர், சிரிப்பு, தோளில் கிடந்த துணி, கடைசியாகத் தான் சொன்ன வார்த்தை. சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு சின்னதையா இத்தனை காலம் சுமந்தோம் என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

ஷாமினி அழவில்லை. டயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவர் வேகமா ஓடித்தான் செத்தவர் எண்டு நான் நாலு வருசமா அவரைத்தான் ஏசிக்கொண்டிருந்தனான்" என்றாள். குரல் மிகத் தாழ்ந்திருந்தது. "படத்துக்கு முன்னால நிண்டு ஏசினனான். நீங்கள் ஒவ்வொரு திவசத்துக்கும் வந்து என்ர வீட்டில இருந்து சாப்பிட்டனீங்கள்."

வரதராஜா பையிலிருந்து துணியை எடுத்துக் குனிந்தார்.

"அண்டைக்குத் துடைச்சனீங்களோ?"

கை அப்படியே நின்றது. துணியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நிதுஷன், காரில ஏறு" என்றாள் அவள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

வரதராஜா வண்டியை எடுத்தார். வீட்டுக்குப் போகும் வழி கீழே. அவர் மேலே திருப்பினார். மரங்கள் நெருங்கின. வெயில் அறுந்து பனிப்புகார் சூழ்ந்தது. உச்சியில் திரும்பி இறங்கத் தொடங்கினார். அந்த இடது வளைவு வந்தது. வேகத்தைக் குறைக்கவில்லை. வண்டியைச் சாய்த்தார்.

பின் சக்கரம் வழுக்கியது.

வண்டி அவருக்குக் கீழிருந்து கழன்று போவதை உணர்ந்தார். தார் முகத்துக்குக் கிட்ட வந்தது.

அப்போது பின் இருக்கை அமிழ்ந்தது.

ஒரு முழு ஆளின் பாரம். ஸ்பிரிங் நசிந்து முனகியது. டயர் ரோட்டைக் கவ்விப் பிடித்தது. வண்டி தானாக நிமிர்ந்தது. ஹெல்மெட்டின் வெளியே, காதோரத்தில், ஒரு மூச்சு.

"எல்லாம் சரியோ அண்ணை?"

"இல்லையடா" என்றார். "ஒண்டும் சரியில்லை. நான் கண்டனான். கண்டும் சொல்லேல்லை."

பின்னாலிருந்த பாரம் இறங்கவில்லை. கீழே கடைகள் தென்படும் இடத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். இருக்கையில் ஒருவரும் இல்லை. டயரின் ஓரம் துடைத்துவிட்டதுபோலக் காய்ந்திருந்தது.

அதற்குப் பிறகு அந்த எண்ணெய் வரவேயில்லை. ஷாமினியும் அவருடைய அழைப்புகளை எடுப்பதில்லை. வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கிக்கொண்டிருக்கிறது. விற்கவும் முடியாமல், நிறுத்தவும் முடியாமல், அவர் அதைப் பராமரித்துக்கொண்டிருக்கிறார்.

போன மாதம் பின் டயர் மாற்றக் கடைக்குக் கொண்டுபோனார். அங்கே வேலை செய்யும் வெள்ளைக்காரன் கழற்றிய டயரை வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தான். பின் ஸ்பிரிங்கையும் கையால் அழுத்திப் பார்த்தான்.

"தனி ஆள் ஓட்டுகிற டயர் இப்படித் தேயாதே" என்றான். "எப்போதும் இரண்டு பேராகத்தான் போவீர்களா?"

வரதராஜா வண்டியைப் பார்த்தார். பின்னால் இருப்பவர் கால் வைக்கும் மிதிகள் இரண்டையும் அன்று காலையில்தான் அவர் தன் கையால் மடித்துவிட்டு வந்திருந்தார்.

இரண்டும் விரிந்திருந்தன. இடது மிதி, யாரோ அப்போதுதான் காலை எடுத்ததுபோல, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.