செத்தவருக்கும் ஒரு டோக்கன்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஒரு பிணம், ஒரு தாழ்ப்பாள், துணியில்லாத ஒரு பையன்... இந்த மூன்றையும் வைத்து ஒரு கதை சொல்கிறேன். பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது யார் கை என்று முதலில் பார்த்துவிட்டு!

"ஐயோ... நெஞ்சு! யாராவது வாங்களேன்!"

அலறல் பதிவாளர் அறையிலிருந்து வந்தது.

வெளிக்கூடம் முழுக்க சூப்பர் ஹீரோக்கள். சக்திக்கான லைசென்ஸைப் புதுப்பிக்க டோக்கனோடு காத்திருந்தார்கள். கதவை ஒற்றைக் கையால் பிய்த்து எறியக்கூடிய பயில்வான் இருந்தான். ஜன்னல் வழியே பறந்து போகக்கூடிய பருந்து இருந்தான்.

ஒருவரும் அசையவில்லை!

பதிவாளர் போட்ட சட்டம் அப்படி. அவர் கையெழுத்து இல்லாமல் சக்தியைத் தொட்டால் லைசென்ஸ் ரத்து. நேரே சிறை.

"போய்க் காப்பாத்தலாமா?" என்றான் பயில்வான்.

"அனுமதி வாங்கணும்ப்பா."

"யார்கிட்ட?"

பருந்து கதவைக் காட்டினான். "உள்ள கத்திட்டிருக்காரே... அவர்கிட்டதான்."

ஒரே ஒருவன் மட்டும் எழுந்தான். சுவருக்குள் புகுந்து போகிற பையன். எல்லாருக்கும் அவன் 'சுவர்த் தம்பி'.

"டேய், உட்காருடா! பொழப்பு போயிடும்!" அவன் அக்கா சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் சுவரில் பாய்ந்தான்.

சட்டை அவள் கையிலேயே மிஞ்சியது. பேண்ட் சுவரடியில் விழுந்தது. உடம்பு மட்டும்தான் சுவரைத் தாண்டும். துணி தாண்டாது!

இன்ஸ்பெக்டர் வந்து கதவை உடைத்தபோது...

பதிவாளர் தரையில் கிடந்தார். ஐஸ்கட்டிபோல் ஜில்லென்று! சுவர்த் தம்பி அவர் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தான். ஆட்களைப் பார்த்ததும் ஒரு ஃபைலை எடுத்து மானத்தை மறைத்துக்கொண்டான். அந்த அலுவலகத்தில் ஒரு ஃபைல் உருப்படியாய் உதவியது அன்றைக்குத்தான்.

இன்ஸ்பெக்டர் நாடி பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். இறந்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்.

"தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டிருக்கு. உள்ள இருந்தது ரெண்டே பேர். அதுல ஒருத்தர் செத்தாச்சு. அப்போ கொன்னது யாருடா?"

"சார்... நான் காப்பாத்த வந்தேன் சார்!"

"இந்தக் கோலத்துலயா? தூக்குதான்டா உனக்கு!"

"சார்!" அக்கா சட்டையும் பேண்ட்டுமாக உள்ளே ஓடி வந்தாள்.

இவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இவள் பெயர் ஊருக்கெல்லாம் காதுக்காரி. சக்தி உள்ளவர்களின் இதயத்தில் கூடுதலாக ஒரு 'டிக்' உண்டு. அது இவள் காதுக்கு மட்டும் கேட்கும். அதனால் அரசாங்கம் இவள் காதில் ரப்பரை அடைத்து அரக்கு முத்திரை வைத்திருந்தது. பேச்சு கேட்கும், 'டிக்' கேட்காது. பதிவு செய்யாமல் ஒளிந்திருப்பவர்களைப் பிடிக்க மட்டும் முத்திரையை உடைப்பார்கள்.

போன மாதம் உடைத்தார்கள். இவள் மாடி வீட்டு டீச்சரைக் காட்டிக்கொடுத்தாள். காதை மறுபடி அடைத்த பிறகு வந்து டீச்சரைச் சிறைக்கு இழுத்துப்போனவர் இதே இன்ஸ்பெக்டர்தான்.

டீச்சர் செய்த குற்றம்? மழை வருவது முன்கூட்டியே தெரிந்து, "துணியை எடுங்கம்மா" என்று தெருவுக்கே குரல் கொடுத்தது!

அதற்குக் கூலியாகத்தான் தம்பிக்கு லைசென்ஸ் கிடைத்தது. அன்றிலிருந்து இவள் மாடிப்பக்கம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

"சார், என் தம்பி கொலை பண்ணலை. நான் கேட்டுச் சொல்றேன்."

காதுக்குக் கையைக் கொண்டுபோனாள்.

"ஏய்! சீலைத் தொடாதே!" இன்ஸ்பெக்டருக்குக் குப்பென்று வியர்த்தது. "அதை உடைச்சா நீயும் உள்ளதான்!"

அக்கா தம்பியைப் பார்த்தாள். ஃபைலும் கையுமாக நின்றான்.

டப்!

அரக்கு சிதறியது.

தன் டிக்கையும் வாசலில் எட்டிப்பார்த்தவர்களின் டிக்குகளையும் ஒதுக்கிவிட்டு அறைக்குள் காது கொடுத்தாள். டிக்... அது தம்பி. டிக்... அவள் புருவம் சுருங்கியது. கேட்டதை அப்போதைக்கு விழுங்கிக்கொண்டாள். மூன்றாவதாக... தரையிலிருந்து... சோம்பேறித்தனமாக... டிக்!

சிரித்துவிட்டாள்.

"சார், இவரைப் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்புங்க. எதுக்கு அலைச்சல்? டாக்டரை இங்கயே வரச் சொல்லுங்க. வயித்துலேர்ந்து ஆரம்பிக்கட்டும்."

"ஐயையோ, வேண்டாம்!"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

பயில்வான் மயங்கி விழுந்தான். அனுமதியே வாங்காமல்!

"அப்போ உங்களுக்கும் சக்தி இருக்கு!" என்றாள் அக்கா.

"கொஞ்ச நேரம் செத்துட்டுப் பொழைச்சுப்பேன்மா... சின்ன வயசுலேர்ந்தே." பதிவாளர் டையைச் சரிசெய்தார். "நாளைக்கு ஆபீஸ் ஆளுங்களையும் உன்னை வச்சுச் சோதிக்கணும்னு உத்தரவு. செத்துட்டா சோதனை கிடையாதே! பிணத்தை எடுத்துட்டுப் போக மச்சான் வண்டியோட கீழ நிக்கிறான்."

"அப்புறம் எதுக்கு அந்தக் கூப்பாடு?"

"மாரடைப்புன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? நான் போட்ட சட்டத்தை மீறி ஒரு பயலும் வரமாட்டான்னு நம்பினேன்."

"என் தம்பி வந்தானே! அவனைத் தூக்குல போடறேன்னு சொன்னப்போ பேசாம கிடந்தீங்களே..."

"செத்தவன் எப்படிம்மா பேசறது?"

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "எல்லார் மேலயும் கேஸ்! பதிவாளர் மறைச்சதுக்கு. உன் தம்பி சுவர்ல புகுந்ததுக்கு. நீ சீலை உடைச்சதுக்கு."

அக்கா அவர் பக்கத்தில் போனாள். குரலைத் தாழ்த்தினாள்.

"சார்... உங்க நெஞ்சுலயும் ஒரு டிக் கேட்குது."

"அ... அது வாட்ச்சும்மா."

"கையில வாட்ச்சே இல்லையே சார்?"

இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்தது. "இருட்டுல கண்ணு தெரியும். அவ்வளவுதான்மா. யாருக்கும் கெடுதல் பண்ணலை. நான் புள்ளைகுட்டிக்காரன்..."

"டீச்சரும் இதையேதான் சார் சொன்னாங்க. அன்னிக்கு நம்ம ரெண்டு பேருமே காதுல வாங்கிக்கலை."

இன்ஸ்பெக்டர் கேஸ் நோட்டை மூடினார்.

"என்ன வேணும் உனக்கு?"

"தம்பி வீட்டுக்கு வரணும். டீச்சரும் வரணும். இன்னிக்கே."

"அப்புறம்?"

"என் காதை நல்லா இறுக்கி அடைச்சுடுங்க. இனிமே எத்தனை தடவை திறந்தாலும் எனக்கு ஒண்ணும் கேட்காது."

மிரட்டித்தான் ஒரு நியாயம் வாங்கினாள். அது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள், கண்ணுகளா. சாயங்காலம் மாடியிலிருந்து, "துணியை எடுங்கம்மா!" என்று குரல் வந்தது. அவள் ஓடிப்போய்த் துணியை எடுத்தாள். எடுத்த துணியில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

பதிவாளர் என்ன ஆனார் என்கிறீர்களா?

"ஒழுங்கா பதிவு பண்ணிக்கங்க" என்று இன்ஸ்பெக்டர் அவருக்கும் ஒரு டோக்கன் கொடுத்து வரிசையில் நிறுத்திவிட்டுப் போனார். கவுன்ட்டரில் பியூன் நிமிர்ந்தான்.

"சக்தியைச் செஞ்சு காட்டணும் சார். நீங்க போட்ட ரூல்தான்."

பதிவாளர் விழுந்து செத்தார். எழுந்தார்.

"சரியா இருக்கு. இனி பதிவாளர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

"நான்தானய்யா பதிவாளர்!"

"அவர் செத்துட்டார்னு இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்திட்டாரே சார். புது ஆள் வர்ற வரைக்கும் உட்காருங்க."

இன்றைக்கும் அந்த பெஞ்சில்தான் இருக்கிறார். பொழுது போகாதபோது கொஞ்சம் செத்துக்கொள்கிறார்.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணுகளா. உங்கள் வீட்டில் எல்லா நெஞ்சும் நெடுங்காலம் துடிக்கட்டும். அதில் ஒரு 'டிக்' கூடுதலாக இருந்தால்... கதவைச் சாத்திவிட்டுத் துடிக்கட்டும்!