பாம்பு பார்க்கப் போன வீடு

பாம்பு வளர்க்கிற வீட்டுக்குள் காலை வைத்ததும் முதலில் மூக்குதான் சேதி சொல்லும். மரச்சீவல், எலிக்கூண்டு, காய்ந்த எச்சத்தின் காரநெடி என்று எவ்வளவு துடைத்தாலும் ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கும். ஆர்விட் ஹக்காலாவின் வீட்டில் ஒன்றுமே இல்லை. மார்லிஸ் பூட்ஸைக் கழற்றும் சாக்கில் குனிந்து இன்னொரு தடவை மூச்சை இழுத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பு, கொஞ்சம் சோப்பு, அவ்வளவுதான்.

வீடு நிறையப் பாம்பு, விற்கத்தான் வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னவர் இவர். சுத்தக்காரர் போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வெளியே மதியமே சாயங்காலம் மாதிரி இருட்டிக்கொண்டு, ஏரிப் பக்கத்திலிருந்து பனி சாய்வாக இறங்கிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவளுக்கு இந்த நாட்களில் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் யாரோடும் வாயைத் திறந்து பேசவும் வழியில்லை. அவள் புருஷன் டுவேன் எப்போதோ இன்னொருத்தியோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். போகும்போது தன் போவா பாம்பை, மலைப்பாம்பு மாதிரி விஷமில்லாத கனத்த ஜாதி, விட்டுவிட்டுப் போனான். புருஷன் போனான், பாம்பு நின்றது. நல்ல பேரம் என்றுதான் மார்லிஸ் நினைத்தாள். கிளாரா என்று அவள் கூப்பிட்ட அந்தப் பாம்பும் வயதாகி இலையுதிர் காலத்தில் செத்துப்போனது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டால், தலையைத் தூக்கிப் பார்க்க ஒரு ஜீவன் இல்லை. சில ராத்திரி அவள் வெறும் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

பஸ் ஷெட்டில் கூட வண்டி ஓட்டுகிற பெர்னிஸிடம் சொன்னால் கேலிதான் மிஞ்சும். "அடியே, ஒரு நாய வாங்குடி, வாலையாவது ஆட்டும். அந்தப் பாம்பு உன்னை அடுப்புன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்துச்சு."

"நெனச்சிட்டுப் போகட்டுமே. அடுப்புகிட்டயாவது வந்து ஒட்டிக்கிச்சில்ல?"

"உனக்கு முத்திப்போச்சு, போ!"

அதனால்தான் இன்றைக்கு இங்கே வருவதை அவள் பெர்னிஸிடம் சொல்லவில்லை. வேறு யாரிடம் சொல்வது?

ஆர்விட் உயரமான, ஒல்லியான கிழவர். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார். "கோட்டை வெளித் தாழ்வாரத்துலயே மாட்டிடுங்கம்மா. கைய முழங்கை வரைக்கும் கழுவிடுங்க. உண்ணி கிண்ணி வந்துடக் கூடாது பாருங்க."

மார்லிஸுக்கு மனசு குளிர்ந்தது. பாம்புக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: பாம்பை விற்கிறவன் பாம்பைப் பற்றிப் பீற்றிக்கொண்டால் திரும்பி நட; உன்னைப் பற்றிக் கேள்வி கேட்டால் நம்பி உட்கார். அக்கறை உள்ளவன்தான் அது போய்ச் சேருகிற இடத்தைப் பற்றி விசாரிப்பான்.

இவர் விசாரித்தார்.

"வீட்ல தனியாவா இருக்கீங்க?"

"தனியாத்தான்."

"பிள்ளைங்க?"

"இல்லைங்க."

"லீவுக்கு யாராச்சும் வருவாங்களா?"

"யார் வரப்போறா? பள்ளிக்கூடம் தொறக்கற வரைக்கும் நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்க ஒரு நாதி கிடையாது." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். இவ்வளவு கேள்வியை ஒரு மனுஷர் அவளிடம் கேட்டு எத்தனை காலமாயிற்று! தண்ணீர் கண்ட பயிர் மாதிரி அவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள்.

"இருமல், இழுப்பு ஏதாவது?"

"பாம்புக்கா?"

"உங்களுக்கு."

"அதெல்லாம் இல்லைங்க. குதிரை மாதிரி இருக்கேன்."

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

"காலையில. கையில எலி வாசம் எதுவும் இல்லை, பாம்பு இரைன்னு நெனச்சுக் கடிக்காது, பயப்படாதீங்க."

நல்ல நகைச்சுவைதான். அவர் சிரிக்கவில்லை. கிட்டே வந்து அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, இடது கண்ணைப் பார்த்தார். பிறகு வலது கண்ணை. மார்லிஸ் வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க, கீழ போலாம்," என்றார். அவள் இறங்கியதும் மேலே கதவைச் சாத்தினார். "சூடு வெளிய போயிடும்."

நிலவறையில் சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், மங்கலான பிளாஸ்டிக் இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று சுருண்டிருப்பது நிழலாகத் தெரிந்தது. வெப்பக் கம்பிகளின் மெல்லிய ரீங்காரமும், எங்கோ தாளில் வயிறு உரசும் சத்தமும், குழாயில் தண்ணீர் சொட்டுவதும் ஒன்றோடொன்று கலந்து அந்த வெதுவெதுப்பான இருட்டில் மிதந்தன. கீழ் வரிசை இழுப்பறைகள் மட்டும் மற்றவற்றைவிட நீளம். சவப்பெட்டி நீளம் என்று தோன்றியது. சீ, இது என்ன நினைப்பு என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் போவாவை எடுத்து அவள் கையில் கொடுத்தார். செம்பழுப்பு வால், கனத்த உடம்பு. அவளுடைய விரல்களுக்கு வேலை தானாக வந்தது. நாக்கு சுறுசுறுப்பாக வெளியே வந்து காற்றைத் தொட்டுப் போகிறதா? போகிறது. கண் தெளிவு. வெள்ளைத் தாளால் உடம்பைத் துடைத்துப் பார்த்தாள், ஒரு கறுப்புப் புள்ளி இல்லை, உண்ணி இல்லை. தலையிலிருந்து வால்வரை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் ஓடவிட்டாள். முடிச்சு இல்லை, பள்ளம் இல்லை, முதுகெலும்பு துருத்தவில்லை. மல்லாக்கத் திருப்பினாள், பட்டென்று புரண்டு நேரானது. மூளை நரம்பெல்லாம் சரி. வாய் ஓரத்தை மெல்லப் பிரித்தாள். சுத்தமான இளஞ்சிவப்பு.

மார்லிஸ் அதன் தலையை ஒரு விரலால் வருடினாள். "என் ராசாத்தி," என்றாள்.

கடைசியாக ஒன்றுதான் பாக்கி. பாம்பின் மூக்கைத் தன் காதோரம் வைத்து, கண்ணை மூடினாள். நோயில்லாத பாம்பு மூச்சுவிடுவது கேட்கவே கேட்காது.

கேட்டது.

ஈரமான மூச்சு. அடிபிடித்த கஞ்சி கொதிக்கிற மாதிரி, உள்ளே சளி கொப்பளிக்க, நீளமாக ஒன்று. நின்றது. மறுபடி ஒன்று.

"ஐயோ," என்றாள். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. நுரையீரலில் சளி. இதை வாங்க முடியாது. இன்னொரு சாவைப் பார்க்க அவளால் முடியாது. மறுபடி அந்த வெறும் பெட்டி, அந்த விளக்கு, அந்த வீடு. பாம்பைக் காதிலிருந்து எடுத்துக் கையை நீட்டிப் பிடித்தாள்.

மூச்சு நிற்கவில்லை.

பாம்பு கை நீளத்துக்கு அப்பால் இருந்தது. வாய் மூடியிருந்தது. சத்தம் கீழே, அந்த நீள இழுப்பறைகள் பக்கமிருந்து வந்தது.

"இதைக் கொண்டுபோற பையை எடுத்துட்டு வர்றேன்," என்று ஆர்விட் படியேறினார். கதவு திறந்து சாத்துகிற சத்தம்.

அவளும் அப்போதே போயிருக்கலாம். வேறு யாராவது என்றால் பின்னாலேயே படியேறிப் போயிருப்பார்கள். ஆனால் பாம்பு வளர்த்தவளுக்கு அந்தச் சத்தம் ஒன்றே ஒன்றைத்தான் சொல்லும்: ஒரு ஜீவன் மூச்சுக்குத் திணறுகிறது, தலையைக் கொஞ்சம் உயர்த்திவைத்தால் சளி இறங்கும், சூடு ஏற்றினால் பிழைக்கும். கிழவருக்குக் காது மந்தமோ என்னவோ. பார்த்துவிட்டுச் சொல்லலாம். போவா அவள் முன்கையைச் சுற்றிக்கொண்டிருக்க, அவள் மண்டியிட்டு அந்த நீள இழுப்பறையின் விளிம்பில் விரலைக் கொடுத்து இழுத்தாள். கனமாக இருந்தது. ஒட்டிக்கொண்டது. வந்தது.

தாள் விரித்திருந்தது. ஒரு தண்ணீர்க் கிண்ணம்.

கிண்ணத்துக்குப் பக்கத்தில் சட்டை. பாம்பு உரித்த சட்டை மாதிரிதான், மெல்லிசு, பழுப்பு வெள்ளை, கிழியாமல் முழுசாக. நல்ல ஆரோக்கியம் என்று அவள் மனசு பழக்கதோஷத்தில் சொன்னது. பிறகுதான் அதன் ஓரம் ஐந்தாகப் பிரிந்திருப்பதைப் பார்த்தாள்.

விரல்கள்.

நகமும்கூட.

அவள் கத்த நினைத்தாள். காற்று வரவில்லை. போவா பயந்து கையை இறுக்கியது. அவள் விரல்கள் மரத்தன.

உள்ளே, இருட்டின் ஆழத்தில், ஒரு உடம்பு ஒருக்களித்துச் சுருண்டிருந்தது. முழங்கால் வயிற்றோடு. நரைத்த கூந்தல். பெண். மூச்சு கொப்பளித்தது. முகம் மெல்ல வெளிச்சத்துக்கு வந்தது. கண்கள் முழுக்கப் பால் படர்ந்த நீலம். சட்டை உரிக்கப் போகிற பாம்புக்கு அப்படித்தான் இருக்கும். கண் தெரியாது. அந்த நேரத்தில் தொந்தரவு செய்யக்கூடாது.

அதற்குப் பக்கத்து இழுப்பறை கொஞ்சம் திறந்திருந்தது. புதுத் தாள். நிறைத்த கிண்ணம். யாரும் இல்லை.

படியில் காலடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுந்திருப்பாள்.

ஒரு கை அவள் பிடரியில் பட்டது. சோப்பு வாசம். கை மெதுவாக இறங்கியது. எலும்பு எலும்பாக. அழுத்தவில்லை, அவசரப்படவில்லை. வருஷக்கணக்கில் யாரும் தொடாத முதுகு. ஒரு இடத்தில் நின்று தடவிப் பார்த்தது. முடிச்சு இல்லை. இன்னும் கீழே இறங்கியது.

"நல்ல உடம்பு," என்றார் ஆர்விட். குரலில் உண்மையான பிரியம் இருந்தது. "பயப்படாதீங்கம்மா. புதுசா வர்றத மொதல்ல கொஞ்ச நாள் தனியாத்தான் வெக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

அந்தக் குரலுக்கு இழுப்பறைக்குள் இருந்த முகம் திரும்பியது. அவரை நோக்கி இல்லை. மார்லிஸை நோக்கி. வாய் கொஞ்சம் பிரிந்தது. நாக்கு வெளியே வந்து, அவள் இருந்த பக்கத்துக் காற்றை ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே போனது. மறுபடி வந்தது.